தனி வளையும் பொது வளையமும்

வளையல், வளையம், வளைவு ஆகிய மூன்றும் ஒரே குடும்பத்துச் சொற்கள். சூழ்தலையும் வட்டமாதலையும் குறிக்கும் 'வளை' என்னும் வினையே இவற்றின் வேர். மலையாளத்தார் கைவளையை 'வள' என்பர். கன்னடத்தார் 'பளெ' என்பர். பண்டைத் தமிழ் மகளிர் சங்கை அறுத்துச் செய்த வளைகளை அணிந்தனர். அச்சங்கிற்கும் வளை என்றே பெயர். நண்டும் எலியும் குடியிருக்கும் பொந்தும் வளையே. மீன் பிடிக்கும் 'வலை' வேறு சொல். நம் பிள்ளைகள் எழுதுகையில் லகர ளகரம் மயங்காதிருக்கட்டும்.

"எலி வளையானாலும் தனி வளை வேண்டும்" என்பது நம்மவர் பழமொழி. புதிதாய் மணமுடித்தோர் தனிக்குடித்தனம் போகையில் இதனைச் சொல்லக் கேட்கிறோம். அதில் நியாயமும் உண்டு. ஆயினும், வளை என்பது பொந்து மட்டுமன்று. சுற்றி வரும் வட்டமும் ஆகும். இதனைப் பழவேற்காட்டு மீனவர் வாழ்வில் காண்கிறோம்.

சிலிகாவுக்கு அடுத்தபடியாக, இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. அதன் கரையிலுள்ள கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களில் 'பாடு' என்னும் முறை வழிவழியாக வந்துள்ளது. இறால் மிகுதியாய்க் கிடைக்கும் நீர்ப்பரப்பை எவரும் தமக்கென வளைத்துக்கொள்ள இயலாது. எவர், எந்நாளில், எவ்விடத்தில் வலையிடுவது என்பதைச் சீட்டுப் போட்டு முடிவு செய்வர். இன்று நல்ல இடம் பெற்றவர் நாளை பிறருக்கு வழிவிடுவார். முறை வளையமாய்ச் சுற்றி வருவதால், வலியவர்க்கும் எளியவர்க்கும் நல்ல இடம் ஒருநாள் வாய்க்கும்.

எனினும், வளையத்திற்கு உட்புறம் உண்டெனில் வெளிப்புறமும் உண்டு. பாட்டு உரிமை வழிவழி உரிமையுடைய குடும்பங்களுக்கே உரியது. அவ்வுரிமை இல்லாதோர் வெளியே நிற்கின்றனர். அதனால் பிணக்குகளும் எழுந்துள்ளன. பகிர்ந்துண்ணும் வட்டமும், அதனை எவ்வளவு அகலமாய் வரைவது என்னும் கேள்வியிலிருந்து தப்ப முடிவதில்லை.

திருமண நாளில் நம் விரலில் ஏறிய மோதிரமும் ஒரு வளையமே. அது கணவன் மனைவி இருவரை மட்டுமே சூழ்ந்து நிற்கும் வேலியா? முதுமையுற்ற மாமியாரும், துணையிழந்த தமக்கையும், வேலையற்றுத் திரும்பிய தம்பியும் அதன் உள்ளே இருக்கின்றனரா, வெளியே நிற்கின்றனரா? இன்றிரவு குடும்பச் செபம் முடிந்தபின், நாம் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது.