காருக்கும் ஒரு கணக்கு நோட்டு வேண்டும்

விடியற்காலையில் பால் கேன்களை ஏற்றிக்கொண்டு டவுனுக்குப் போகும் கார், பத்து மணிக்கு வயலுக்குப் போகிறது. மாலையில் அதே கார் குடும்பத்தோடு கல்யாண வீட்டுக்குப் போகிறது. விவசாயத்தோடு பால் பண்ணை, கோழிப் பண்ணை, உரக்கடை என்று துணைத் தொழிலும் நடத்தும் வீடுகளில் இது வழக்கம்தான். வருமான வரிக் கணக்கு எழுதும்போது இந்தக் காரின் செலவை என்ன செய்வது? சிலர் முழுவதையும் தொழில் செலவில் எழுதிவிடுகிறார்கள். சிலர் வம்பு எதற்கு என்று ஒரு ரூபாயும் எழுதுவதில்லை. இரண்டுமே தவறு.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். விவசாய வருமானத்துக்கு மத்திய அரசின் வருமான வரி இல்லை. ஆனால் பால், கோழி, கடை வியாபாரம் ஆகியவற்றின் வருமானம் வரிக்கு உட்பட்டது. நீங்கள் விளைவித்த மஞ்சளை ஈரோடு சந்தைக்குக் கொண்டுபோவது விவசாயம். பிறரிடம் மஞ்சள் வாங்கி விற்பது வியாபாரம். வரி இல்லாத வருமானத்துக்காகச் செய்த செலவை, வரி உள்ள வருமானத்தில் கழிக்க முடியாது. ஆகவே வயலுக்குப் போன டீசலைப் பால் பண்ணைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

அப்படியானால் எவ்வளவு கழிக்கலாம்? ஓர் உதாரணம் பார்ப்போம். கார் ஆண்டுக்கு 20,000 கிலோமீட்டர் ஓடுகிறது. அதில் பால் பண்ணைக்காக 9,000, வயலுக்காக 5,000, வீட்டுக்காக 6,000 என்றால் தொழிலின் பங்கு 45 சதவீதம். டீசல், சர்வீஸ், இன்சூரன்ஸ் எல்லாம் சேர்ந்து 1,60,000 ரூபாய் என்றால் 72,000 ரூபாய் தொழில் செலவு. காரின் தேய்மானம் பொதுவாக ஆண்டுக்கு 15 சதவீதம். 6 லட்சம் ரூபாய் காருக்கு முதல் ஆண்டில் 90,000. அதில் 45 சதவீதம் 40,500 ரூபாய். வாங்கிய ஆண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தியிருந்தால் தேய்மானம் பாதிதான். கார் கடனில் வட்டியின் பங்கை மட்டுமே கழிக்கலாம். அசலைக் கழிக்க முடியாது.

இந்த 45 சதவீதத்துக்கு ஆதாரம் என்ன? எனக்குத் தெரிந்த ஒரு பால் பண்ணையாளர் காரின் முழுச் செலவையும் எழுதியிருந்தார். விளக்கம் கேட்டபோது அவர் கையில் இருந்தது எழுத்து மங்கிப்போன டீசல் பில்கள் மட்டுமே. நியாயமாகக் கிடைக்க வேண்டிய பங்கைக்கூட அவரால் நிரூபிக்க முடியவில்லை.

ஆகவே காரில் ஒரு நோட்டு வையுங்கள். தேதி, போன இடம், போன காரியம், கிளம்பும்போதும் திரும்பும்போதும் மீட்டர் காட்டிய அளவு ஆகியவற்றை எழுதினால் போதும். பில்களை அன்றே செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் செலவைக் கழிக்க முடியாது. கார் வாங்கும்போதும் அப்படியே. அதற்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த தொகைக்குத் தேய்மானம் கிடையாது. பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள்.

சிறு தொழில் செய்பவர்கள் விற்பனையில் 8 சதவீதத்தை, வங்கி வழியாக வந்த தொகையில் 6 சதவீதத்தை, லாபமாகக் காட்டும் எளிய முறையைத் தேர்ந்தெடுக்கலாம். அந்த முறையில் எல்லாச் செலவும் அடங்கிவிட்டதாகக் கொள்ளப்படும். கார் செலவைத் தனியாகக் கழிக்க முடியாது. எது லாபம் என்பதை இரண்டு விதமாகவும் கணக்குப் போட்டு, ஆடிட்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

விரிவாக்கப் பணியாளர்களுக்கு ஒரு வார்த்தை. சம்பளம் வாங்கும் நமக்கு இந்தக் கழிவு கிடையாது. ஆனால் சாகுபடிச் செலவை எழுதி வைக்கச் சொல்லும் நாம், கார் நோட்டையும் சேர்த்துச் சொல்லலாம். எழுதாத செலவு லாபத்தைத் தின்கிறது என்பது வயலுக்கு மட்டுமல்ல, வண்டிக்கும் பொருந்தும்.

வரிக் கணக்கின் ஆண்டு ஏப்ரல் 1-இல் தொடங்குகிறது. நோட்டைத் தொடங்க அதுவரை காத்திருக்க வேண்டாம். நாளைக் காலை பால் கேனை ஏற்றும்போதே முதல் வரியை எழுதுங்கள்.