சிக்கனக் கணக்கில் விட்டுப்போன செலவு

"பழைய டப்பாவில் செடி வையுங்கள், கிழிந்த புடவையில் கால்மிதி தையுங்கள்." சிக்கனக் குறிப்புகள் என்றாலே இப்படித்தான் ஆரம்பிக்கும். நல்ல யோசனைதான். ஆனால் எங்க ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் சிக்கனம் பொழுதுபோக்கு இல்லீங்க.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில்தான் நிற்கும். இந்தக் காலத்துக்கான நிவாரணம் 5,000 ரூபாயிலிருந்து 8,000 ஆகும் என்று 2023-ல் மண்டபத்தில் அரசு அறிவித்தது. வணிகவியல் படிக்கிற பழக்கம், வகுத்துப் பார்த்தேன். ஒரு குடும்பத்துக்கு ஒரு நாளைக்கு 131 ரூபாய்!

மீதியை எது ஈடுகட்டுகிறது? முன்கூட்டியே உப்பிட்டுக் காயவைத்த கருவாடு. அரிசி களைந்த தண்ணீரில் வளர்ந்த கறிவேப்பிலை. கிழிந்த வலையில் கட்டிய தோட்டத்து வேலி.

எல்லாம் மிச்சம்தான். ஆனால் மீனைக் கீறி, உப்பிட்டு, வெயிலில் புரட்டி, காக்கை விரட்டியது யார்? பெரும்பாலும் அம்மாவும் அக்காவும். அந்த உழைப்புக்கு எந்த நோட்டிலும் பற்று எழுதுவதில்லை. செலவை மறைத்துவிட்டு லாபம் காட்டினால் எங்க வகுப்பில் அதைத் தப்புக் கணக்கு என்பார்கள்.

அதனால் என் பங்குக்கு ஒரே ஒரு குறிப்பு. வீட்டுக் கணக்கு நோட்டில் இன்னொரு பத்தி போடுங்கள்: "யார் செய்தது, எத்தனை மணி நேரம்." ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தால் அங்கே நடப்பது சிக்கனம் இல்லை, ஓசி வேலை. அடுத்த கூடைக் கருவாட்டை நாமே புரட்டலாமே, என்ன சொல்றீங்க? :-)