லீவ் லெட்டரில் ஏன் பொய் எழுத வேண்டியிருக்கு?



"காய்ச்சல்"னு எழுதினா லீவ் கிடைக்கும். "ஒரு மாசமா தூக்கமே இல்ல, மனநல டாக்டரைப் பார்க்கணும்"னு எழுதினா? மறுநாள் கேன்டீனில் அதுதான் பேச்சு. அடுத்த அப்ரைசலில் "பிரஷர் தாங்க மாட்டார்"னு ஒரு வரி. அதனால்தான் ஓ.எம்.ஆர். ஐ.டி. ஆபீஸ் முதல் திருப்பூர் பனியன் கம்பெனி வரை தொழிலாளி பொய் எழுதுகிறார். இது கோழைத்தனம் இல்லை. வேலை போயிடுமோங்கிற பயம்.

சட்டம் என்ன சொல்லுது?

🔴 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மனநோயும் உண்டு. பணிக்காலத்தில் அப்படிப் பாதிக்கப்பட்டவரை அரசு நிறுவனம் வேலையை விட்டு நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது. 2021ல் ஒரு மத்திய ரிசர்வ் போலீஸ் அதிகாரியின் வழக்கில், அவர் மீதான துறை நடவடிக்கையே பாகுபாடு என்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது.

🔴 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி, உடல்நோய்க்குத் தருவது போலவே மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு தர வேண்டும்.

🔴 இ.எஸ்.ஐ. நீண்டகால நோய்ப் பட்டியலில் மனச்சிதைவு போன்ற தீவிர மனநோய்களும் இருக்கு. தகுதியுள்ள தொழிலாளிக்கு வழக்கமான 91 நாள் முடிந்த பிறகும், 80 சதவீத ஊதிய அளவில் 2 ஆண்டு வரை உதவி கிடைக்கும்.

எத்தனை கம்பெனி நோட்டீஸ் போர்டில் இதைப் பார்த்திருக்கீங்க?

ஓட்டை எங்கே? அந்த வேலைப் பாதுகாப்பு அரசு நிறுவனத்தோட நின்னுடுது. தனியாரிலும் கான்ட்ராக்டிலும் உழைப்பவர் "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்ற ஒரு வார்த்தையில் வெளியே நிற்கிறார்.

நிர்வாகங்கள் காட்டும் தீர்வு, மாசம் ஒரு யோகா வகுப்பு. மீதி நாளெல்லாம் ராத்திரி பத்து மணிக்கும் வாட்ஸ்அப்பில் வேலை. நோயைக் கொடுக்கிறது வேலைச்சுமை என்றால், மூச்சுப் பயிற்சி மட்டும் மருந்தாகுமா? 2023ல் சட்டமன்றத்தில் நிறைவேறிய 12 மணி நேர வேலை மசோதாவைத் திரும்பப் பெற வைத்தது தொழிலாளர் எதிர்ப்பு. அதுவும் மனநலப் போராட்டம்தான்.

நம் கோரிக்கைகள்:

✊ வேலைப் பாதுகாப்பு தனியார், ஒப்பந்தத் தொழிலாளருக்கும் வேண்டும்.
✊ கவுன்சலிங்கில் பேசியது எச்.ஆர். காதுக்குப் போகக் கூடாது.
✊ மனநலத்துக்கும் சம்பளத்தோடு நோய் விடுப்பு.
✊ வேலை நேரம் முடிந்தால் போனை அணைக்கும் உரிமை.

சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாத வேலையும் ஒண்ணு இருக்கு. எதிர்க்கட்சிக்காரரைத் திட்ட "மென்டல்", "லூசு"ன்னு கமெண்ட் போடாதீங்க. அதைப் படிப்பவர்களில் தினமும் மாத்திரை சாப்பிட்டுட்டு வேலைக்குப் போகும் நம்ம தோழரும் இருப்பார். அந்த ஒரு வார்த்தை அவரை இன்னும் ஒரு வருஷம் வாயை மூட வைக்கும்.

மனசு தாங்கலைன்னா 14416க்குக் கூப்பிடுங்க. டெலி மானஸ், அரசு சேவை, கட்டணம் கிடையாது, 24 மணி நேரமும் உண்டு. சங்கத் தோழரிடமும் சொல்லுங்க. தனியா சுமக்காதீங்க.

#மனநலமும்_தொழிலாளர்_உரிமையே