'நீங்க சும்மா இருங்கப்பா'

கேள்வி: "அப்பாவுக்கு 71 வயது. சர்க்கரை நோயால் இரண்டு வருடத்துக்கு முன்பு வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஒரு குறையும் இல்லாமல்தான் பார்த்துக்கொள்கிறோம். ஆனால், ஒரு மாதமாக யாரிடமும் பேசுவதில்லை, சரியாகச் சாப்பிடுவதில்லை. 'உங்களுக்குப் பாரமாயிட்டேன்' என்கிறார். வயதானால் இப்படித்தானா?"
- வாசகர், திருவாரூர் மாவட்டம்.

பதில்: இல்லை தம்பி. வயதானால் உடம்பு தளரும். வாரக்கணக்கில் பேச்சும் பசியும் குறைந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். அது நோய், சிகிச்சை உண்டு.

முதலில் என் துறை சார்ந்த விஷயம். பூச்சிமருந்து, களைக்கொல்லி, எலிமருந்து எது வீட்டில் இருந்தாலும் இன்றைக்கே பூட்டுங்கள். சாவி உங்களிடம் இருக்கட்டும். மிச்சமான கால் பாட்டிலைக்கூடத் திண்ணையில் விடாதீர்கள். 'சாகணும்னு தோணுதாப்பா?' என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது.

தாமதிக்காமல் அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். 14416 என்ற இலவச எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். செயற்கைக் கால், அடையாள அட்டைக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம்.

'ஒரு குறையும் இல்லாமல்' என்று எழுதியிருக்கிறீர்கள். என் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இடது கை விழுந்தபோது நாங்களும் அப்படித்தான் பார்த்துக்கொண்டோம். எதைத் தொட்டாலும், 'நீங்க சும்மா இருங்கப்பா'. அன்பில்தான் சொன்னோம். ஆறே மாதத்தில் மனிதர் நிஜமாகவே சும்மாவாகிவிட்டார். ஊருக்கெல்லாம் யோசனை சொல்லும் எனக்கு, இந்தப் போகம் என்ன ரகம் போடலாம் என்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை.

சம்பாவுக்கு விதை எடுக்கும்போது அந்த வேலையை அப்பாவிடம் விடுங்கள். உட்கார்ந்த இடத்திலேயே உப்புக் கரைசலில் விதையைக் கொட்டி, மிதக்கும் கருக்காயை அரித்தெடுக்கலாம். முட்டை நாலணா அளவுக்கு மேலே தெரிய வேண்டும் என்பது உங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசுவது உங்கள் வேலை. நடவு ஆளுக்குப் போன் செய்வதும் கூலிக் கணக்கும் அவர் வசமே இருக்கட்டும். கணக்கில் பத்து ரூபாய் இடித்தால் குறுக்கே பாயாதீர்கள்.

அவர் சேக்காளிகள் வருகிறார்களா? என்ன பேசுவதென்று தெரியாமலேயே பலர் ஒதுங்கிவிடுவார்கள். நீங்களே போய்க் கூப்பிடுங்கள். வாசல்படியைச் சரிவாகப் பூசிவிட்டால் சக்கர நாற்காலியில் டீக்கடை வரை போய்வரலாம். ஒரு நாள் கொத்தனார் வேலைதான்.

இதெல்லாம் சிகிச்சைக்குப் பதில் அல்ல, கூடவே செய்ய வேண்டியவை. விதை எடுத்து முடித்ததும் அப்பாவையே எனக்கு எழுதச் சொல்லுங்கள். எத்தனை கிலோவில் எவ்வளவு கருக்காய் போனது என்று தெரிய வேண்டும்.