வாயிலைக் கைப்பற்றிய வணிகம்

ஊருக்கு ஒரே வாயில்; அதன் திறவுகோலோ ஒரே வணிகன் கையில். தன் சரக்கை அவன் முன்னே விடுவான். பிறர் வண்டிகளைப் புறத்தே நிறுத்துவான். மைக்கிரோசாப்டு என்னும் அமெரிக்க மென்பொருள் நிறுவனத்தின்மீது, 1998ஆம் ஆண்டு மே 18ஆம் நாள், அமெரிக்க நடுவணரசும் இருபது மாநிலங்களும் தொடுத்த வழக்கின் பிழிவு இதுவே.

அந்நாளில், இன்டெல் வகைக் கணினிகளுள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டவை அந்நிறுவனத்தின் விண்டோசு என்னும் இயங்குதளத்தைக் கொண்டே இயங்கின. மக்களுள் மிகப்பலர் விண்டோசை வைத்திருந்தமையின் மென்பொருள் எழுதுவோர் அதற்கே எழுதினர். அதற்கே மென்பொருள்கள் மிகுந்தமையின் மக்களும் அதனையே வாங்கினர். இச்சுழலுக்குள் புதியவன் ஒருவன் புகுதல் எளிதோ? இந்நிலையிற்றான் நெட்சுகேப்பு நிறுவனத்தின் இணைய உலாவி தோன்றியது. எவ்வகை இயங்குதளத்தின் மேலும் இயங்கவல்ல அவ்வுலாவி, நாளடைவில் மென்பொருள்களுக்கெல்லாம் புதுத்தளமாகிவிடின் விண்டோசின் பிடி தளர்ந்துவிடும். அவ்வச்சமே பின்னர் நிகழ்ந்த அனைத்திற்கும் கரணியம்.

மைக்கிரோசாப்டு தன் உலாவியை விண்டோசுடன் பிணைத்தது. தனிவிலை கேளாது தந்தது. அதனை நீக்கலாகாதெனக் கணினி செய்வோரை உரிம உடன்படிக்கைகளாற் கட்டியது. விலையின்றித் தருவது கொடையன்றோ என்று வினவினாரும் உளர். அடுத்தவன் கடையை மூடுவதற்கென்றே கொடுப்பது கொடையன்று. தூண்டிலிற் கோத்த இரை! அந்நாட்டில் 1890ஆம் ஆண்டிலேயே இயற்றப்பெற்ற முற்றுரிமைத் தடைச்சட்டம், பெரிதாக வளர்வதைக் குற்றமென்று கூறவில்லை. வளர்ந்த வலிமையைக் கொண்டு பிறர் வளராமல் தடுப்பதையே குற்றமென்கின்றது.

அந்நிறுவனத்திற்கு இதுவே முதற்குற்றச்சாட்டுமன்று. தன் இயங்குதளத்தை ஏற்றாத கணினிக்கும் சேர்த்து, விற்கும் ஒவ்வொரு கணினிக்கும் பணம் பெற்றுவந்த முறையை விட்டொழிப்பதாக 1994இலேயே அரசுடன் அது உடன்பட்டிருந்தது. வாங்காத சரக்கிற்கும் விலை! 1998இல் அதன் தலைவர் பில் கேட்சைப் படம்பிடித்துக்கொண்டே வினவினர். தாமே விடுத்த மின்னஞ்சல்கள் பலவும் அவர்க்கு நினைவுக்கு வரவில்லை. எளிய சொற்களுக்கும் என்ன பொருளென்று அவர் எதிர்வினா எழுப்பினார். முறைமன்றத்திற் காட்டப்பட்ட அப்படம் அவர்க்குப் பெருமை சேர்க்கவில்லை.

நடுவர் தாமசு பென்பீல்டு சாக்சன் 2000 ஏப்பிரல் 3ஆம் நாள் சட்டமீறலென்று தீர்த்தார். சூன் 7ஆம் நாள் நிறுவனத்தை இரண்டாகப் பிளக்க ஆணையிட்டார். ஆனால் அவர்தம் நாவே அவர் தீர்ப்பிற்குப் பகையாயிற்று. வழக்கு முடியுமுன்னரே செய்தியாளரிடம் கமுக்கமாகப் பேசியிருந்தார். 2001 சூன் 28ஆம் நாள், மேன்முறையீட்டு மன்றத்தின் நடுவர் எழுவரும், முற்றுரிமையைத் தகாவழியிற் காத்த குற்றத்தை ஒருமனமாக உறுதிசெய்தனர். எனினும் பிளக்கும் ஆணையை நீக்கி, சாக்சனையும் வழக்கினின்று விலக்கினர். ஆட்சியும் அதற்குள் மாறியிருந்தது. புதிய அரசு பிளவைக் கோராது விடுத்து, 2001 நவம்பரிலேயே உடன்பாடு செய்துகொண்டது. குற்றம் நின்றது, ஒறுப்பு நிற்கவில்லை.

நெட்சுகேப்பு என்னாயிற்று? 1999இல் அது ஏ.ஓ.எல். நிறுவனத்திற்கு விற்கப்பட்டுப்போயிற்று. 2003இல் ஏ.ஓ.எல். 75 கோடி டாலர் பெற்று மைக்கிரோசாப்டுடன் இணங்கியது. ஏழாண்டுகள் மைக்கிரோசாப்டின் உலாவியை விலையின்றிப் பயன்படுத்தும் உரிமையையும் பெற்றுக்கொண்டது! அவ்வாண்டே நெட்சுகேப்புப் பணியாளர் பலர் வீட்டிற்கு அனுப்பப்பட்டனர். இறந்தவன் வீட்டார்க்கு இழப்பீடு கிடைத்தது, இறந்தவன் எழுந்தானில்லை.

வாயிற்காவல் வணிகரை மட்டும் வருத்தவில்லை; மொழியையும் வருத்தியது. அந்நாளில் மூன்று இலக்கத்திற்கும் குறைந்த மக்களைக்கொண்டிருந்த ஐசுலாந்து, அயற்சொல்லை அண்டவிடாது தன்மொழியைக் காத்துவரும் நாடு. கணினிக்கும் அவர்கள், எண்ணைக் குறிக்கும் சொல்லையும் குறிசொல்லும் பெண்ணைக் குறிக்கும் சொல்லையும் இணைத்துத் தம் சொல்லைப் படைத்தனர். விண்டோசைத் தம்மொழியில் தருமாறு அவர்கள் வேண்டியபோது, வாங்குவோர் தொகை சிறிதென்று மைக்கிரோசாப்டு மறுத்துவந்தது. பிறருடையதாகிய மூடிய மென்பொருளைத் தாமே மொழிபெயர்த்துக்கொள்ளும் உரிமையும் அவர்க்கில்லை. உலகச் செய்தியிதழ்கள் இதனை எழுதிய பின்னரே, 1999இல், விண்டோசு 98ஐ ஐசுலாந்து மொழியிற்றர அந்நிறுவனம் இசைந்தது. கே.டி.இ. என்னும் கட்டற்ற மென்பொருளையோ தமிழ்த்தொண்டர் சிலர் எவரிடமும் இசைவு கேளாமலே தமிழாக்கினர். வேறுபாடு இங்குள்ளது.

ஐரோப்பிய ஒன்றியம் சற்றுக் கடுமை காட்டியது. 2004 மார்ச்சில் 49.7 கோடி யூரோ தண்டத்தொகை விதித்து, ஒலியொளி இயக்கியைப் பிரித்த விண்டோசையும் விற்குமாறு பணித்தது. அதே விலைக்கு ஒருறுப்புக் குறைந்த சரக்கை வாங்குவார் யார்? அது கடைகளிற் கிடந்தது. ஆணைக்குப் பணியாமைக்காக 2008இல் மேலும் 89.9 கோடி யூரோ விதிக்கப்பட்டது. 2012இல் அது 86 கோடியாகக் குறைக்கப்பட்டது. பல உலாவிகளுள் ஒன்றைத் தெரிந்தெடுக்கும் திரையைக் காட்டுவதாக 2009இல் உறுதிகூறிப் பின்னர்க் காட்டாது விட்டமைக்காக, 2013இல் 56.1 கோடி யூரோ. பெருந்தொகைகளே, எனினும் கொழுத்த வணிகனுக்கு அவை வாயிற்கூலி போன்றவை.

2024 ஆகத்தில், அதே வாசிங்டன் மாவட்ட முறைமன்றம், இணையத் தேடலிற் கூகுள் நிறுவனம் முற்றுரிமையைத் தகாவழியிற் காத்ததென்று தீர்த்தது. 2025 செப்டம்பரில், அதன் குரோம் உலாவியை விற்குமாறு ஆணையிட மறுத்தது. நெட்சுகேப்பின் வழிவந்த பயர்பாக்சு உலாவியை நடத்தும் மொசில்லாவோ, பல்லாண்டுகளாகத் தன் வருவாயிற் பெரும்பகுதியை அக்கூகுளிடமிருந்தே பெற்றுவந்துள்ளது.