தனித் தட்டு காச நோயைத் தடுக்குமா?

குற்றாலத்தில் சாரல் விழுந்தால் போதும். தென்காசி பஸ் நிலையத்தில் கூட்டம் அலைமோதும். "குற்றாலக் காற்று பட்டால் நோய் பறந்து விடும்" என்று பெரியவர்கள் சொல்வது உண்டு.

காற்று சுகமானதுதான். ஆனால் காச நோயைக் காற்று மட்டும் குணப்படுத்தாது!

மருந்து இல்லாத காலத்தில் டாக்டர்களும் நல்ல காற்று, ஓய்வு, சத்துணவு ஆகியவற்றையே நம்பினார்கள். அதற்காகவே 1928-ம் ஆண்டில் டாக்டர் சௌரி முத்து தாம்பரத்தில் ஆஸ்பத்திரி தொடங்கினார். அங்குள்ள ரெயில் நிலையத்துக்கே "தாம்பரம் சானடோரியம்" என்ற பெயர் நிலைத்து விட்டது.

பிறகு மருந்து வந்தது. எல்லா நோயாளிகளுக்கும் படுக்கைக்கு எங்கே போவது? வீட்டில் வைத்தே மருந்து கொடுத்தால் என்ன? குடும்பத்துக்கு ஆபத்து வருமா?

சென்னையில் செய்த சோதனை

1956-ம் ஆண்டில் சென்னையில் இந்தச் சோதனை தொடங்கியது. 193 நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினர் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். மற்றவர்கள் நெருக்கடியான சொந்த வீடுகளில் இருந்தார்கள். அவர்களுக்குச் சத்துணவும் குறைவு. இரு பிரிவினருக்கும் ஓராண்டு ஒரே மருந்து.

முடிவு என்ன? வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணம் அடைந்தார்கள். குடும்பத்தினரை 5 ஆண்டுகள் கவனித்தார்கள். நோயாளி வீட்டில் இருந்ததால் அவர்களுக்கு நோய் அதிகமாக வரவில்லை!

காரணம் இதுதான். சரியான மருந்து உள்ளே போனதும், நோயைப் பரப்பும் சக்தி வேகமாகக் குறைகிறது. மருந்து தொடங்குவதற்கு முந்திய நாட்களே ஆபத்தானவை.

நாம் செய்வது என்ன? தனித் தட்டு, தனி டம்ளர் வைக்கிறோம். மருமகளுக்கு நோய் என்றால் பிறந்த வீட்டுக்கு அனுப்பி விடுகிறவர்களும் உண்டு. தட்டினால் இந்த நோய் பரவாது. நோயாளி இருமும்போது காற்றில்தான் பரவுகிறது. ஒதுக்கி விடுவார்களே என்று பயந்து நோயாளி இருமலை மறைக்கிறார். மறைத்த இருமல்தான் ஊருக்குப் பகை!

இரண்டு வாரத்துக்கு மேல் இருமலா? அரசு ஆஸ்பத்திரியில் சளியைப் பரிசோதியுங்கள். பரிசோதனையும் மருந்தும் இலவசம். நோய் இருந்தால், முதல் சில வாரங்கள் காற்றோட்டமான இடத்தில் தனியாகப் படுக்கட்டும். வாயை மூடி இருமட்டும். வீட்டில் உள்ள எல்லோரும், முக்கியமாகக் குழந்தைகள், பரிசோதனை செய்து கொள்ள வேண்டும். நோய் முற்றியவர்களை டாக்டர் சொன்னால் ஆஸ்பத்திரியில் சேருங்கள்.

சாதாரண காச நோய்க்கு 6 மாதம் மருந்து போதும். குற்றாலச் சாரல் இடையில் நிற்கலாம். மாத்திரை ஒரு நாளும் நிற்கக் கூடாது!