எதிலிருந்து ஏற்றுவது?

புனே திலக் சாலைக் கடைகளில் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிய கம்ப்யூட்டர், ஆபரேட்டிங் சிஸ்டம் ஏறும்வரை வெறும் பெட்டிதான். எதிலிருந்து ஏற்றுவது? 1995ல் விண்டோஸ் 95 வந்தபோது சி.டி. டிரைவ் இல்லாதவர்களுக்கு 13 ஃப்ளாப்பிகள். பன்னிரண்டாவது பழுதானால் அவ்வளவுதான். இன்றைய பெட்டிகள் பலவற்றில் டி.வி.டி. செருக இடமே கிடையாது. இருந்தாலும் பயனில்லை: சாதாரண டி.வி.டி. கொள்வது 4.7 ஜி.பி., விண்டோஸ் 11 கேட்பதோ 5க்கு மேல்.

ஆக, 8 ஜி.பி. பென்டிரைவ். அதிலும் வில்லங்கம் உண்டு. புதிய மதர்போர்டுகள் எல்லாமே தயங்காமல் படிப்பது ஃபேட்32 முறையைத்தான். அதுவோ 4 ஜி.பி.யைத் தொடும் கோப்பை ஏற்காது. வெறுமனே நகலெடுத்தால் பாதியில் நின்றுவிடும். மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் மீடியா கிரியேஷன் டூலிடம் விட்டுவிடுவதே உத்தமம்.

கடைக்காரர் 'சும்மா' ஏற்றித்தரும் திருட்டுப் பிரதி? விண்டோஸோடு வேறு எது குடியேறும் என்பதை அவரே அறியமாட்டார். காசில்லாமல்தான் வேண்டும் என்பவர்களுக்கு, புனேயைத் தலைமையகமாகக் கொண்ட அரசு நிறுவனம் சி-டாக், தன் சென்னை மையத்தில் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இருக்கிறது. அதே பென்டிரைவ் போதும். தமிழும் தெரியும், மராத்தியும் தெரியும்.